அப்பாமார் வெளியே நிற்கட்டும்

கலா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே போட்டுவிடுவாய் என்று நினைத்து, விலாசத்தை உன் அம்மாவை எழுதச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். நானே எழுதிவிட்டேன். பிரித்து இவ்வளவு தூரம் வாசித்திருந்தால் மிச்சத்தையும் வாசித்துவிடு. நான் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் உன் இருதயத்தில் இருக்கும் நோயைச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. கல்யாணம் நின்றதற்கு வருத்தப்படுகிறேன். இரண்டும் வேறு வேறு என்று உனக்கு இப்போது விளங்காது. கொழும்புக்குப் போன அன்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “இனிமே எனக்கு அப்பா இல்ல” என்றாய். லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. உன் பெரியப்பா தன் வீட்டு வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேன் என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. என்ன நடந்தது என்று அந்த மனிதர் வாயால் நீ கேட்டிருக்கிறாய். என் வாயால் கேட்டதில்லை.

உனக்கு ஏழு வயது. உன் அம்மா குவைத்துக்குப் போயிருந்தாள். மழை தொடங்கி ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல் நாங்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த காலம். உனக்குத் தொண்டை நோவு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினார்கள். நோவு போய்விட்டது. நீயும் பள்ளிக்கூடம் போனாய். பிறகு ஒரு நாள் காலையில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் அழுதாய். முழங்கால் வற்றியதும் முழங்கை வீங்கியது. உன் பெரியம்மா பார்த்துவிட்டு, “வளர்ற பிள்ளைக்கு வலி வரத்தான் செய்யும், எண்ணெய் தேய்ச்சு விடுங்க” என்றாள். தேய்த்துவிட்டேன். தொட்டதும் நீ வீரிட்டாய். அப்போதுதான் நம்முடைய பழைய பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் அந்த இடத்தில், ஏதோ ஒரு தரும ஸ்தாபனம் பிள்ளைகளுக்கென்று கிளினிக் தொடங்கியிருந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது முழுக்கப் பெண்கள். கிளினிக் என்றால் பொம்பளைகள் போகும் இடம் என்றுதான் தோட்டத்தில் கணக்கு. என்னைக் கண்டதும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் உன்னை அவர்களில் யாரிடமாவது கொடுத்துவிட்டு வெளியே நிற்கலாம் என்று பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. “யாரு அந்தப் புள்ளையைத் தூக்கிட்டு வந்தது? நீங்களா? நீங்கதான் உள்ளுக்கு வரணும். புள்ளைக்கு எங்க நோகுதுண்டு உங்களுக்குத்தானே தெரியும்.” அதுதான் டொக்டரம்மா. மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம் பெண். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் முக்காடு, காலில் ரப்பர் செருப்பு. அங்கே பரிசோதிக்கிற மேசை ஒன்று இருந்தது. அதன் மேல் எப்போதும் பைல் கட்டுகள்தான் கிடந்தன. “வாப்பாட மடி இருக்கிற நேரம் மேசை என்னத்துக்கு?” என்று உன்னை என் மடியிலேயே வைத்துப் பார்த்தார். முதலில் உன் பொம்மையின் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு குழலை உன் காதில் வைத்து உன் நெஞ்சை உனக்கே கேட்கக் கொடுத்தார். நீ அழுகையை நிறுத்திவிட்டு, “அப்பா, உள்ள யாரோ தட்டுறாங்க” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். டொக்டரம்மா சிரிக்கவில்லை. குழலை வாங்கித் தன் காதில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். அங்கே பிள்ளைகள் வார்டு வாசலில் ஒரு நர்ஸ் என்னைப் பார்த்து, “அம்மா கோ?” என்று கேட்டாள். அம்மா எங்கே என்று. பிட்டரட்ட, வெளிநாட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். “தாத்தலா எலியே இன்ன” என்றாள். அப்பாமார் வெளியே நிற்கட்டும். வார்டில் தாய்மார் மட்டும்தான் தங்கலாமாம். அது அவள் போட்ட சட்டம் இல்லை. கையைப் பிடித்துப் பறிக்கிற மாதிரியும் அவள் செய்யவில்லை. ஆனால் உன்னை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நீ “அப்பா, அப்பா” என்று கத்துவது எனக்குக் கேட்டது. அங்கே யாருக்கும் அந்தச் சொல் விளங்கவில்லை. பெரியம்மாவை வந்து உன்னோடு இருக்கச் சொல்லிக் கேட்டேன். “நான் வேலைக்குப் போகலைன்னா யார் பேர் போடுவாங்க?” என்றாள். மழையில் யாருக்கும் பேரே விழாத, நாள் கூலியே இல்லாத காலம் அது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, கொய்யாப்பழம் விற்கிறவளுக்குப் பக்கத்தில் நின்றேன். பார்க்க விடும் நேரத்தில் ஓடி வருவேன். மணி அடித்ததும் துரத்துவார்கள். மூன்றாம் நாள் நீ என்னைப் பார்த்து அழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டொக்டரம்மா வந்தார். யாரும் கூப்பிடாமல், தன் சொந்தக் காசில் பஸ் ஏறி. வார்டுக்குள் போய்ப் பெரிய டொக்டரிடம் சிங்களத்தில் ஏதோ பேசினார். குரல் உயரவில்லை. வெளியே வந்து, “நீங்க உக்கார நடைபாதையில ஒரு கதிரை போடுவாங்க. கதவு திறந்திருக்கும். புள்ளை உங்கள காணணும், அவ்வளவுதான்” என்றார். கதிரை போட்டார்கள். அன்றைக்கு உன் காய்ச்சல் குறைந்தது. மருந்தாலா, கதிரையாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டாலும்தான் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு உனக்கு மாதா மாதம் ஊசி. தொண்டைக்குள் வந்த கிருமி இருதயத்துக்குப் போயிருக்கிறது, மறுபடி வந்தால் இருதயத்தைக் கடித்துவிடும், வராமல் இருக்க ஊசி வேண்டும் என்று டொக்டரம்மா எனக்கு விளங்கப்படுத்தினார். இருதயத்துக்குள் கதவுகள் இருக்கின்றனவாம், இரத்தம் போக வழிவிட்டு உடனே மூடிக்கொள்கிற கதவுகள். “இப்ப கதவு கொஞ்சம் ஆடுது. கீல் உடையல்ல. உடைய விடாம வச்சுக்கிறது உங்கட கையிலதான்.” ஊசி மருந்துக் குப்பியைத் தன் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டே உன்னோடு கதை பேசுவார். குளிர் போனால் வலி குறையும் என்று. “இண்டைக்கு வலதா, இடதா? நீங்களே சொல்லுங்க” என்பார். நீ பெரிய மனுஷி மாதிரி யோசித்து, “இடது” என்பாய். தோட்டத்தில் எங்களை யாரும் எதையும் கேட்டுச் செய்ததில்லை கலா. வேலையைக் கேட்டுக் கொடுத்ததில்லை, வீட்டைக் கேட்டுக் கொடுத்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் எந்தப் பக்கம் என்று கேட்ட ஒரு இடத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

கிளினிக்கை அவர் பின்னேரத்தில் வைத்தார். ஏன் தெரியுமா? காலையில் வைத்தால் பால் வெட்டுகிறவர்களால் வர முடியாது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர நேரம் இருக்க வேண்டும் என்று அவரே வந்து ஸ்டோர் வாசலில் நின்று பார்த்து நேரத்தை முடிவு செய்தார். ஆண்களுக்கும் உட்கார நீளமாக ஒரு வாங்கு போட்டார். முதலில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். சில மாதங்களில் அந்த வாங்கில் இடம் கிடைக்காது. பிள்ளைக்கு மருந்து கலக்கத் தெரிந்த ஆண்கள் நம் தோட்டத்தில் உருவானார்கள். உன் அம்மா குவைத்திலிருந்து அனுப்பிய கேசட்டில், தான் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஆஸ்பத்திரியில் சுவரெல்லாம் யானையும் ஒட்டகமும் வரைந்திருக்கிறது, டொக்டர் மிட்டாய் கொடுக்கிறார் என்று பேசியிருந்தாள். பேசிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, “நம்ம பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போறா?” என்று கேட்டாள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பதில் பேசி அனுப்பினோம். நம் கிளினிக்கில் சுவர் வெறும் சுண்ணாம்புதான், ஆனால் நான் அப்பா மடியில் இருந்துதான் ஊசி போடுவேன் என்று நீ சொன்னாய்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு டொக்டரம்மா செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கடிதம் எழுதினார். லயத்துக் காம்பராக்களில் காற்று இல்லை, ஒரே அறையில் இத்தனை பேர் படுத்தால் ஒரு பிள்ளையின் தொண்டை நோவு எல்லாப் பிள்ளைக்கும் வரும், ஜன்னல் வையுங்கள், குடிக்கிற தண்ணீரை மூடுங்கள் என்று. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மலை ஏறாத வேலை கொடுங்கள் என்றும் எழுதினார். தோட்டம் அப்போதுதான் புதுக் கம்பனி கைக்கு வந்திருந்தது. அடுத்த மாதமே, பிள்ளைக்காம்பராவைச் சாமான் வைக்கும் இடமாக்கப் போகிறோம் என்று துரை சொல்லிவிட்டார். அதற்குத் தொழிலாளர் பக்கத்தில் சம்மதம் வேண்டியிருந்தது. நம் தோட்டத்துச் சங்கத் தலைவர் யார்? உன் பெரியப்பா. என் கூடப் பிறந்த அண்ணன்.

கோயிலடியில் கூட்டம் போட்டார். எல்லாரும் வந்திருந்தார்கள். “கிளினிக் போனா என்ன, டிஸ்பென்சரி இருக்குதானே” என்றார். “அந்த டொக்டர் நோனாவுக்காகத் துரையோட மொறைச்சுக்கிட்டா நாளைக்கு வேலை குடுப்பாரா?”

நான் எழுந்தேன். “அண்ணே, கலாவுக்கு மாசா மாசம் ஊசி போடணும். டிஸ்பென்சரியில அது இல்ல. உங்களுக்கே தெரியும்.”

“ஒரு பிள்ளைக்காக முழுத் தோட்டத்தையும் தூக்கிக் குடுக்கச் சொல்றியாடா?”

“ஒரு பிள்ளை இல்லண்ணே. இங்க இருக்கிற எந்தப் பிள்ளை அங்க போகல? கேளுங்க, சொல்லட்டும்.”

அவர் கேட்கவில்லை. நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். வயிற்றோட்டத்தில் செத்துப்போக இருந்த பிள்ளையை டொக்டரம்மா கையிலிருந்து உயிரோடு வாங்கிப்போனவள் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். வாங்கில் என்னோடு உட்கார்ந்த ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பயம்தான். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பயந்தவர்களை மன்னிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்த மாதமே உன் பெரியப்பாவின் மூத்த மகன் கணக்கப்பிள்ளை வேலைக்குப் போனான். கால் சட்டை போட்டுக்கொண்டு நம் வாசல் வழியாகத்தான் போனான்.

டொக்டரம்மா கடைசியாக வந்த அன்று மருந்துப் பெட்டிகளை லொறியில் ஏற்ற நான் உதவினேன். அவர் எங்கள் மேல் கோபமாக இருந்தார். “கம்பனி செய்யும்தான், அது எனக்குத் தெரியும். உங்கட ஆக்கள் ஒரு சத்தம் போட்டிருந்தாப் போதும், ஒரே ஒரு சத்தம்” என்றார். நான் கடைசிப் பெட்டியையும் ஏற்றினேன். ஏறுவதற்கு முன் உன் தலையைத் தடவிவிட்டு என்னிடம் சொன்னார்: “ஊசி மட்டும் நிப்பாட்ட வாணாம். புள்ளை ஓடி ஆடித் திரியும். சுகம்தானே எண்டு தோணும். அந்த நேரம்தான் நோய் வாசல்ல நிக்கும்.”

அதற்குப் பிறகு டவுன் ஆஸ்பத்திரிதான். காலை கிளினிக். மாதம் ஒரு நாள் என் பேர் போகும். ஊசி போடும் அறை வாசலில் மறுபடி அதே சொல்: தாத்தலா எலியே. நீ தனியே உள்ளே போவாய். வலதா இடதா என்று யாரும் கேட்கவில்லை. வரும்போது நொண்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாய். ஆனாலும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அந்த ஒரு மாதம் வரும்வரை.

அது உனக்கும் ஞாபகம் இருக்கும். பஸ்ஸை நிறுத்தினார்கள். வடக்கில் எங்கேயோ சண்டை. அதற்கு இங்கே பஸ்ஸில் போகிற தமிழனெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்த நாட்கள். அடையாள அட்டை கேட்டார்கள். எனக்கு அட்டை இல்லை. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் பால் வெட்டி, எனக்குப் பிரஜாவுரிமை இன்னும் வந்து சேரவில்லை. தோட்டத்து ஆபீசில், கந்தோரில், எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டினேன். சிப்பாய் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கச் சொன்னான். மகளுக்கு ஊசி, இன்றைக்கு ஊசி என்று சிங்களத்தில் சொன்னேன். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். அன்று நன்றாக வந்ததுதான் வினை. “ஹோந்தட்ட சிங்கள கத்தா கரனவா நே” என்றான் மற்றவன் சந்தேகமாக. நன்றாகச் சிங்களம் பேசுகிறானே என்று. நான் ஜீப்பில் ஏறும்போது நீ பஸ் ஜன்னலில் முகத்தை வைத்திருந்தாய். வெற்றிலை போட்ட ஒரு சிங்களப் பெண் உன் பக்கத்தில் வந்து நின்று, “அனே, ளமயா தனியம” என்றாள். பிள்ளை தனியே என்று. அவள்தான் தன் பயணத்தை விட்டுவிட்டு இறங்கி, உன்னை லயம்வரை கொண்டுவந்து விட்டுப் போனவள். அவள் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது.

குற்றம் ஒன்றும் இல்லாமலே என்னை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: கலாவுக்கு ஊசி போட்டாச்சா? உன் பெரியப்பா ஒரு முறை வந்தார். “எல்லாம் நடக்குது, நீ கவலைப்படாத” என்றார். நம்பினேன். அண்ணன் அல்லவா. மழைக்காலம் முடிந்து என்னை விட்டார்கள். நேரே தோட்டத்துக்கு வந்தேன். லயத்துப் படியில் நீ உட்கார்ந்திருந்தாய். என்னைக் கண்டு ஓடி வர எழுந்தாய். இரண்டு படி இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாய். கணுக்கால் வீங்கியிருந்தது.

“ஊசி போட்டீங்களா அண்ணி?” என்று கேட்டேன்.

உன் பெரியம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. “ஓடி ஆடித்தானே திரிஞ்சா. பொம்பளப் பிள்ளைய மாசா மாசம் ஊசிக்குக் கூட்டிட்டுப் போனா நாளைக்கு எவன் கட்டுவான்? அதான் உங்க அண்ணன் வேணாம்னாரு.”

ஒரு முறைகூடப் போடவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் நெஞ்சில் குழலை வைத்ததுமே தலையை நிமிர்த்தி, ஏன் ஊசியை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். கதவின் கீல் உடைந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. வேறு சொல் சொன்னார். எனக்கு விளங்கியது அதுதான். இனி வாழ்நாள் முழுக்க மருந்து, ஊசி, என்றைக்காவது ஒரு சத்திரசிகிச்சை. “பெரியவளாகிப் பிள்ளை உண்டானால் முதல் நாளே இருதய டொக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும்” என்றார். உனக்குப் பத்து வயது. நான் நடைபாதையில் நின்று அதைக் கேட்டேன். இந்த முறை கதிரை போட யாரும் இல்லை.

இப்போது கல்யாணக் கதைக்கு வருகிறேன். இரத்தினபுரிப் பக்கத்து ஆட்கள், பையன் எம்பிலிப்பிட்டியவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான், நல்ல பழக்கம் என்று கொண்டுவந்தது யார்? பெரியப்பா. நோயைச் சொல்ல வேண்டாம் என்றது யார்? அதே மனிதர். “ஊசிய நிப்பாட்டிட்டுக் கல்யாணத்த முடிப்போம். ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாயிரும்” என்று என் வீட்டில், என் கதிரையில் உட்கார்ந்து சொன்னார். உன் அம்மாவும் அவர் பக்கம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஊரான் பிள்ளைய வளர்த்துச் சேர்த்த நகைங்க இது. என் பிள்ளை கழுத்துல போட்டுப் பார்க்காம நான் சாகணுமா?” என்று அழுதாள். நீ வீங்கிக் கிடந்ததை அவள் பார்க்கவில்லை. கேசட்டில் நாம் அதைச் சொல்லவும் இல்லை. நீ என்ன சொன்னாய்? “அப்பா, பின்னாடி நானே அவருகிட்ட சொல்லிக்கிறேன்.” தலை குனிந்து சொன்னாய். உனக்கு அவனைப் பிடித்திருந்தது. எனக்குத் தெரியும்.

உன்னைக் கேட்காமல் நான் போனது தப்பு. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பக்கம் என்று ஏழு வயதில் உன்னைக் கேட்டார்கள், இருபத்து மூன்று வயதில் நான் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நான் அப்போதும் போயிருப்பேன்.

அவர்கள் வீட்டில் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். பையனின் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன நோய், என்ன மருந்து, பிள்ளை உண்டானால் என்ன செய்ய வேண்டும், செய்தால் ஒன்றும் ஆகாது. சொல்லி முடித்ததும் அவனுடைய அப்பா, “நல்லவேளை சொன்னீங்க” என்றார். அந்தச் சொல்லைப் பார். நல்ல வேளையாம். பையன் என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். பஸ் வளைவில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தான். “எனக்குக் கலாவைப் பிடிக்கும்ங்க. ஆனா வீட்டுப் பேச்ச மீற முடியாதுங்க.” கெட்ட பையன் இல்லை. அதை உனக்குச் சொல்லியாக வேண்டும், அதனால் சொல்கிறேன். ஆனால் யோசித்துப் பார். ஒரு நாள் உனக்கு மூச்சு முட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் பெரியவர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அவன் என்ன செய்வான்? நான் அப்படிப்பட்டவர்களை ஒரு கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். தரையைப் பார்ப்பான்.

நீ ஒருவனைத் தேடிக்கொண்டால் நான் குறுக்கே வரமாட்டேன். சாதி கேட்கமாட்டேன், மதம் கேட்கமாட்டேன், தோட்டமா டவுனா என்று கேட்கமாட்டேன். ஊசி போடும் அறைக்குள் உன்னோடு வருவானா என்று மட்டும் பார்த்துக்கொள். வெளியே நில் என்று சொன்னாலும் வாசலை விட்டுப் போகாதவனா என்று பார். ஆஸ்பத்திரியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். இப்போது கொழும்பில் பிள்ளைகளுக்கென்று புதுப் புதுக் கிளினிக் வருகிறதாம், பொம்மையும் படமுமாக, குடும்பத்தோடு வாருங்கள் என்று போர்டு போட்டிருக்கிறார்களாம். படத்தைப் பார்த்து ஏமாறாதே. உன் பிள்ளையை யார் தூக்கிவந்தாரோ அவரை உள்ளே கூப்பிடுகிறார்களா என்று பார். அதைச் செய்கிற இடம் சுண்ணாம்புச் சுவராக இருந்தாலும் அங்கே போ. அப்படி ஒரு இடத்தை யாராவது மூட வந்தால் சத்தம் போடு. ஒரு ஆள் போட்டால் கேட்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போடு.

போன வாரம் டொக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். மாவனல்லையில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் தெரியவில்லை. யாரென்று சொன்னதும் உன்னை ஞாபகம் வைத்திருந்தார். நடந்ததெல்லாம் சொன்னேன். “கட்டலாம், பெறலாம், எல்லாம் செய்யலாம். மறைச்சுச் செய்யத்தான் ஏலாது” என்றார். பிறகு, “புள்ளை ஊசி ஒழுங்காப் போடுதா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியும் என்றும் சொல்லலாம். உன்னோடு தையல் கம்பனியில் வேலை செய்கிற பிள்ளை பொங்கலுக்கு வந்தபோது உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நீ கொழும்புக்குப் போனதிலிருந்து கிளினிக் பக்கமே போகவில்லையாம். கம்பனியில் லீவு தருவதில்லை என்கிறாயாம். அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். என்மேல் உள்ள கோபத்தை நீ உன் உடம்பின் மேல் காட்டுகிறாய். தண்டிப்பதற்கு இது சுலபமான வழி. நான் இங்கே உட்கார்ந்து ஒவ்வொரு மாதமும் செத்துக்கொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். நான் செத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போதுமா?

கலா, என்னோடு பேச வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். தீபாவளிக்கு வர வேண்டாம், நான் செத்தால்கூட வர வேண்டாம். என்னை வெறுத்துக்கொண்டே இரு, கிழவியாகும் வரை வெறு, உன் பேரப்பிள்ளைகளிடம் என் அப்பன் என் வாழ்க்கையைக் கெடுத்தான் என்று சொல்லிச் சொல்லி வெறு. ஆனால் அவ்வளவு காலம் ஒருத்தனை வெறுப்பதற்கு உயிரோடு இருக்க வேண்டும். நாளைக்குக் காலையில் போய் ஊசியைப் போட்டுக்கொள்.

அப்பா